போக்கரில் சமநிலை ஆட்டம்: வரலாறு

போக்கரில் சமநிலை ஆட்டம் என்பது வலுவான சீட்டுகளையும் வலுவற்ற சீட்டுகளையும் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்து பந்தயம் கட்டும் முறையாகும். ஓர் ஆட்டக்காரர் பந்தயத்தை உயர்த்தினாலும் அதற்கு ஈடுசெய்தாலும், அந்தச் செயலை வைத்து அவர் கையில் இருப்பது என்ன என்று எதிராளியால் ஊகிக்க முடியாமல் செய்வது இதன் நோக்கம். சூதாட்டக்காரர்களின் அனுபவ அறிவாக இருந்த இம்முறை 1921-க்குப் பின் கணிதவியலாளர்களின் ஆய்வுப்பொருளானது. ஆட்டக் கோட்பாடு என்னும் துறை உருவானதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. 2015-ல் போக்கரின் ஒரு வகை, கணினியால் ஏறத்தாழ முழுமையாகத் தீர்க்கப்பட்டது.

அடிப்படை

போக்கரில் ஒவ்வொருவரின் சீட்டும் மற்றவர்களுக்கு மறைவாக இருக்கும். மேசை நடுவே சேரும் பணத்துக்காக ஆட்டக்காரர்கள் சுற்றுச் சுற்றாகப் பந்தயம் கட்டுவர். ஒருவர் கட்டிய தொகைக்கு அடுத்தவர் மூன்று வகையில் பதில் தரலாம். அதே தொகையை வைப்பது ஈடுசெய்தல் (கால்). அதைவிடக் கூடுதலாக வைப்பது உயர்த்துதல் (ரைஸ்). சீட்டைக் கவிழ்த்துவிட்டு வெளியேறுவது விலகுதல் (ஃபோல்ட்). பந்தயம் எதுவும் கட்டப்படாத நிலையில் தானும் கட்டாமல் முறையைக் கடத்துவது செக் எனப்படும். கையில் நல்ல சீட்டு இல்லாமலே பந்தயம் கட்டி எதிராளியை விலகச் செய்ய முயல்வது பிளஃப்.

நல்ல சீட்டு வந்தால் மட்டும் உயர்த்துபவர், நடுத்தரச் சீட்டுக்கு மட்டும் ஈடுசெய்பவர் ஆகியோரின் ஆட்டம் விரைவில் வெளிப்பட்டுவிடும். முதலாமவர் உயர்த்தினால் எல்லோரும் விலகிவிடுவர். அவரது நல்ல சீட்டுக்கு வருமானம் கிடைக்காது. இரண்டாமவர் ஈடுசெய்தால் அவரிடம் பெரிய சீட்டு இல்லை என்பது தெரிந்துவிடும். எதிராளி பெருந்தொகை கட்டி அவரை நெருக்குவார். எனவே ஒவ்வொரு செயலுக்குள்ளும் பலவகைச் சீட்டுகள் இருக்க வேண்டும். எந்தச் சீட்டுகள், எந்த அளவில் என்பதே இந்த வரலாற்றின் மையக் கேள்வி.

தோற்றம்

போக்கர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பகுதியில் உருப்பெற்று, மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகுகள் வழியே பரவியது. இங்கிலாந்து நடிகர் ஜோசப் கோவெல் 1829-ல் படகில் கண்ட ஆட்டம் ஒன்றைத் தமது நினைவு நூலில் விவரித்துள்ளார். அந்நூல் 1844-ல் வெளியானது. தொடக்கத்தில் 20 சீட்டுகளைக் கொண்டு ஆடப்பட்ட போக்கர், பின்னர் 52 சீட்டுகள் கொண்ட முழுக் கட்டுக்கு மாறியது. பொய்யாகப் பந்தயம் கட்டி மிரட்டுவது தொடக்கம் முதலே அதன் அடையாளமாக இருந்தது. அது துணிச்சல், முகபாவம், எதிராளியின் மனத்தைப் படித்தல் ஆகியவை சார்ந்த கலையாகவே நெடுங்காலம் கருதப்பட்டது.

போரெல்: எத்தனை முறை?

மறைந்த தகவல் உள்ள ஆட்டங்களைக் கணிதமாக எழுத முயன்ற முன்னோடிகளில் முதன்மையானவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எமில் போரெல். 1921-ல் பிரெஞ்சு அறிவியல் கழக இதழில் அவர் வெளியிட்ட கட்டுரை, ஒரே வழியை எப்போதும் பின்பற்றாமல் பல வழிகளைக் குறிப்பிட்ட நிகழ்தகவுடன் கலந்து ஆடுவது பற்றிப் பேசியது. இதுவே பின்னர் கலப்பு உத்தி எனப் பெயர் பெற்றது. 1938-ல் ழான் வில் என்பவரின் துணையுடன் வெளியிட்ட நூலில் அவர் போக்கரின் எளிய மாதிரி ஒன்றை ஆராய்ந்தார்.

அம்மாதிரியில் சீட்டுக்குப் பதிலாக ஒவ்வொருவருக்கும் 0 முதல் 1 வரையிலான ஓர் எண் கிடைக்கும். பெரிய எண் வெல்லும். இருவரும் தலா ஒரு நாணயம் வைப்பர். முதலாமவர் குறிப்பிட்ட தொகையைக் கட்டலாம் அல்லது விலகலாம். கட்டினால், இரண்டாமவர் ஈடுசெய்யலாம் அல்லது விலகலாம். கட்டும் தொகை 2 நாணயம் எனக் கொண்டால், இரண்டாமவர் 1/2-க்கு மேற்பட்ட எண்ணுக்கு ஈடுசெய்ய வேண்டும். முதலாமவர் 1/2-க்கு மேற்பட்ட எல்லா எண்ணுக்கும் கட்டுவதோடு, அதற்குக் கீழுள்ளவற்றில் பாதி அளவுக்குப் பிளஃப் செய்ய வேண்டும். அதாவது மெய்யான பந்தயம் இரண்டுக்குப் பிளஃப் ஒன்று.

இந்த மாதிரியில் 1/2-க்குக் கீழுள்ள எந்த எண்ணைக் கொண்டு பிளஃப் செய்தாலும், சரியாக ஆடும் எதிராளிக்கு எதிரே பலன் ஒன்றே. கேட்டால் ஈடுசெய்யப்படும்போது அவை எல்லாமே தோற்கும். கட்டாமல் விலகினாலும் எல்லாவற்றுக்கும் இழப்பு ஒன்றே. எனவே போரெலின் மாதிரி எத்தனை முறை பிளஃப் செய்வது என்பதற்கு விடை தந்தது. எந்தச் சீட்டில் என்பதற்கு விடை தரவில்லை.

வான் நியூமன்: எந்தச் சீட்டில்?

ஹங்கேரியில் பிறந்த ஜான் வான் நியூமன் 1926-ல் கோட்டிங்கனில் ஆற்றிய உரையிலும், அதன் விரிவாக 1928-ல் வெளியிட்ட கட்டுரையிலும் மினிமேக்ஸ் தேற்றத்தை நிறுவினார். ஒருவரின் வரவு மற்றவரின் இழப்பாக அமையும் இருவர் ஆட்டம் ஒவ்வொன்றிலும், எதிராளி என்ன செய்தாலும் குறிப்பிட்ட மதிப்புக்குக் கீழே போகாத கலப்பு உத்தி இருவருக்கும் உண்டு என்பது அத்தேற்றத்தின் சாரம். 1944-ல் அவரும் பொருளியலாளர் ஆஸ்கர் மோர்கன்ஸ்டெர்னும் எழுதிய ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கருக்கும் பிளஃபுக்கும் தனிப் பகுதி ஒதுக்கப்பட்டது.

வான் நியூமனின் மாதிரி போரெலுடையதைவிடப் போக்கருக்கு நெருக்கமானது. முதலாமவர் கட்டாவிட்டால் விலக வேண்டியதில்லை. செக் சொல்லிச் சீட்டைக் காட்டி ஒப்பிடலாம். இந்தச் சிறு மாற்றம் விடையை மாற்றிவிட்டது. இருவரும் தலா 1 நாணயம் வைத்து, கட்டும் தொகை 2 நாணயமாக இருக்கும் ஆட்டத்தில் விடை பின்வருமாறு அமையும்.

முதலாமவர் 7/9-க்கு மேற்பட்ட எண்ணுக்குக் கட்ட வேண்டும்.
1/9-க்குக் குறைந்த எண்ணுக்கும் கட்ட வேண்டும், இது பிளஃப்.
இடைப்பட்ட எண்களுக்குச் செக் சொல்ல வேண்டும்.
இரண்டாமவர் 5/9-க்கு மேற்பட்ட எண்ணுக்கு ஈடுசெய்ய வேண்டும்.

பிளஃபுக்கு ஏற்றவை நடுத்தரச் சீட்டுகள் அல்ல, ஆக மோசமானவையே என்பது இதன் முடிவு. நடுத்தரச் சீட்டுக்குச் சீட்டைக் காட்டி வெல்லும் வாய்ப்பு உண்டு. அதைக் கொண்டு மிரட்டினால் அந்த வாய்ப்பு வீணாகிறது. ஆக மோசமான சீட்டுக்கு இழக்க எதுவும் இல்லை. நல்ல சீட்டுகளும் மோசமான சீட்டுகளும் ஒரே செயலில் சேர, நடுத்தரச் சீட்டுகள் வேறு செயலுக்குப் போகும் இந்த அமைப்பு, இன்றும் உயர்த்துதலுக்கும் ஈடுசெய்தலுக்கும் இடையே சீட்டுகளைப் பிரிப்பதன் அடிப்படையாக உள்ளது.

பிளஃபின் நோக்கம் பற்றிய பார்வையையும் இந்நூல் மாற்றியது. வலுவற்ற நிலையில் வலுவாகத் தோன்றுவது ஒரு நோக்கம். வலுவான நிலையில் வலுவற்றவராகத் தோன்றுவது இன்னொன்று. பிளஃப் பிடிபட்டாலும் பயன் உண்டு. பிடிபட்டதைக் கண்ட எதிராளி அடுத்த முறை மெய்யான பந்தயத்துக்கும் ஈடுசெய்வார்.

யார் முன்னோடி என்பதில் 1953-ல் விவாதம் எழுந்தது. போரெலின் கட்டுரைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு அவ்வாண்டு எக்கனோமெட்ரிகா இதழில் வெளிவந்தபோது, ஆட்டக் கோட்பாட்டைத் தொடங்கியவர் போரெலே எனக் கணிதவியலாளர் மாரிஸ் ஃபிரெஷே எழுதினார். மினிமேக்ஸ் தேற்றம் இல்லாமல் ஆட்டக் கோட்பாடு என ஒன்று இருக்க முடியாது என்பது வான் நியூமனின் மறுமொழி. கேள்வியை எழுப்பியவர் போரெல் என்றும், விடை எல்லா நிலையிலும் உண்டு என நிறுவியவர் வான் நியூமன் என்றும் இருவரின் பங்கைப் பிரித்துக் காணலாம்.

கூன் போக்கர்

பிரின்ஸ்டன் கணிதவியலாளர் ஹரோல்ட் கூன் 1950-ல் மூன்று சீட்டுகள் மட்டும் உள்ள போக்கரை ஆராய்ந்தார். ராஜா, ராணி, ஜாக்கி ஆகிய மூன்றில் இருவருக்கும் ஒவ்வொன்று தரப்படும். தலா 1 நாணயம் நடுவில் வைக்கப்படும். கட்டக்கூடிய பந்தயமும் 1 நாணயமே. உயர்த்துதல் இல்லை.

இரண்டாமவரின் உத்தி தெளிவானது. ராஜா வந்தால் எப்போதும் பந்தயம் கட்ட வேண்டும், எப்போதும் ஈடுசெய்ய வேண்டும். ஜாக்கி வந்தால், பந்தயத்துக்கு விலக வேண்டும். முதலாமவர் செக் சொன்னால் மூன்றில் ஒரு முறை பிளஃப் செய்ய வேண்டும். ராணி வந்தால், செக்குக்குச் செக் சொல்ல வேண்டும்; பந்தயத்துக்கு மூன்றில் ஒரு முறை ஈடுசெய்ய வேண்டும்.

முதலாமவருக்குப் பல உத்திகள் சமமான பலன் தருகின்றன. ஜாக்கியைக் கொண்டு எத்தனை முறை பிளஃப் செய்கிறாரோ, அதைப் போல் மூன்று மடங்கு ராஜாவைக் கொண்டு கட்ட வேண்டும் என்பது மட்டும் மாறாத விதி. பிளஃப் செய்யவே இல்லை எனில் ராஜாவைக் கொண்டும் கட்டக் கூடாது. செக் சொல்லிப் பதுங்கி, எதிராளி கட்டினால் ஈடுசெய்ய வேண்டும். ராணியைக் கொண்டு அவர் முதலில் கட்டுவதே இல்லை. செக் சொன்ன பின் பந்தயம் வந்தால், குறைந்தது மூன்றில் ஒரு முறை ஈடுசெய்ய வேண்டும். ஜாக்கியின் பிளஃப் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு இதுவும் கூட வேண்டும். எப்படிச் சிறப்பாக ஆடினாலும் முதலாமவர் சராசரியாக ஆட்டத்துக்கு 1/18 நாணயம் இழப்பார். எதிராளியின் செயலைப் பார்த்தபின் முடிவெடுப்பவருக்குள்ள சாதகத்தை இந்த எண் காட்டுகிறது.

மூன்று சீட்டுகளே இருந்தும், பொய் மிரட்டல், பதுங்கல், சந்தேகத்தின் பேரில் ஈடுசெய்தல் ஆகிய மூன்றும் இதில் தாமாகவே தோன்றுகின்றன. இவை மனித குணத்தின் விளைவு அல்ல, ஆட்ட விதிகளின் விளைவு என்பதைக் கூன் போக்கர் தெளிவாக்கியது. ஆட்டக் கோட்பாட்டுப் பாடங்களில் இது இன்றும் கற்பிக்கப்படுகிறது. கூனின் கட்டுரை வெளியான அதே தொகுதியில் ஜான் நாஷும் லாயிட் ஷேப்லியும் மூவர் ஆடும் போக்கர் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். பின்னாளில் இருவரும் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

மேசைக்கு வந்த கோட்பாடு

இக்கணிதம் ஆட்டக்காரர்களைச் சென்றடையப் பல பத்தாண்டுகள் ஆயின. டாயில் பிரன்சன் 1978-ல் வெளியிட்ட சூப்பர் சிஸ்டம் என்னும் நூல் துணிந்து தாக்கி ஆடும் முறையைப் பரப்பியது. அந்நூலில் ஒரு பகுதியை எழுதிய டேவிட் ஸ்க்லான்ஸ்கி, 1987-ல் தி தியரி ஆஃப் போக்கர் என்னும் நூலை வெளியிட்டார். ஆட்டக் கோட்பாட்டின்படி பிளஃப் செய்வது எப்படி என்பதை ஆட்டக்காரர்களின் மொழியில் விளக்கிய நூல் அது.

மூன்றில் ஒரு முறை பிளஃப் செய்க என்று கணிதம் கூறினாலும், மனிதர் மனத்தால் அதைத் தற்செயலாகச் செய்வது கடினம். சீட்டுகளையே பகடையாகப் பயன்படுத்துவது ஸ்க்லான்ஸ்கி விளக்கிய தீர்வு. எடுத்துக்காட்டாக, நான்கு இஸ்பேட் சீட்டுகளை வைத்துக்கொண்டு ஒரு சீட்டு மாற்றுபவருக்கு ஐந்தாவது இஸ்பேட் வர 9 வாய்ப்புகள் உண்டு. நடுவில் 100 ரூபாய் இருந்து, கட்டும் தொகையும் 100 ரூபாய் எனில், மெய் இரண்டுக்குப் பிளஃப் ஒன்று என்ற கணக்கில் நான்கு அல்லது ஐந்து பிளஃப் சீட்டுகள் தேவை. அவர் முன்கூட்டியே நான்கு சிவப்புச் சீட்டுகளைத் தேர்ந்து, அவற்றில் ஒன்று வந்தால் இஸ்பேட் வந்ததுபோலவே கட்டலாம். எப்போது பிளஃப் செய்வார் என்பது அவருக்கே முன்கூட்டித் தெரியாது; எதிராளிக்கும் தெரிய வழியில்லை.

2003-ல் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் 86 டாலர் நுழைவுக்கட்டணம் கொண்ட இணையப் போட்டி வழியே உலகத் தொடருக்குத் தகுதி பெற்று, 25 லட்சம் டாலர் பரிசை வென்றார். அதன் பின் இணையப் போக்கர் பெருகியது. ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் பதிவுகள் கிடைத்ததால் ஒருவரின் பழக்கங்களை எண்ணிக்கையாகக் காண முடிந்தது. எதிராளியிடம் இருக்கும் ஒரு சீட்டை ஊகிப்பதை விட்டு, அவரிடம் இருக்கக்கூடிய எல்லாச் சீட்டுகளின் தொகுப்பையும் கருதும் வழக்கம் பரவியது. இத்தொகுப்பு ரேஞ்ச் (வீச்சு) எனப்பட்டது. 2006-ல் பில் சென், ஜெரோட் ஆங்கென்மன் ஆகியோர் எழுதிய தி மேத்தமேட்டிக்ஸ் ஆஃப் போக்கர் இச்சிந்தனைக்கு முறையான கணித வடிவம் தந்தது.

இக்காலத்தில் இரு கணக்குகள் பொது வழக்காயின. நடுவிலுள்ள பணத்துக்குச் சமமான தொகையைக் கட்டுபவரின் பந்தயங்களில் மூன்றில் ஒரு பங்கு பிளஃபாக இருக்கலாம். பாதித் தொகையைக் கட்டினால் நான்கில் ஒரு பங்கு. எதிர்கொள்பவர் முதல் நிலையில் தன் வீச்சில் பாதியையும், இரண்டாம் நிலையில் மூன்றில் இரு பங்கையும் விலக்காமல் வைத்திருக்க வேண்டும்.

கணினிகளின் விடை

மூன்று சீட்டுக்கும் 52 சீட்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கணினிகளே கடந்தன. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-ல் சிஎஃப்ஆர் என்னும் படிமுறையை வெளியிட்டனர். கணினி தன்னோடு தானே மீண்டும் மீண்டும் ஆடி, ஒவ்வொரு முடிவுக்கும் வேறு வழியைத் தேர்ந்திருந்தால் எவ்வளவு கூடுதலாகக் கிடைத்திருக்கும் எனக் கணக்கிட்டு, தன் கலப்பு விகிதங்களைத் திருத்திக்கொள்ளும். இவ்வாறு திருத்தப்பட்ட உத்திகளின் சராசரி, இருவர் ஆட்டத்தில் நாஷ் சமநிலையை நெருங்கும்.

2015 ஜனவரியில் அக்குழு, பந்தயத் தொகை வரையறுக்கப்பட்ட இருவர் டெக்சாஸ் ஹோல்டம் ஆட்டம் தீர்க்கப்பட்டதாக சயின்ஸ் இதழில் அறிவித்தது. செஃபியஸ் என்னும் அந்நிரலைக் கணக்கிட 4,800 கணினிக் கருக்கள் ஏறத்தாழ 68 நாட்கள் இயங்கின. ஒருவர் வாழ்நாள் முழுதும் ஆடினாலும் அதன் பிழையைப் பயன்படுத்தி உறுதியாக வெல்ல முடியாத அளவுக்கு அதன் உத்தி துல்லியமானது.

உயர்த்துதலுக்கும் ஈடுசெய்தலுக்கும் இடையிலான சமநிலை பற்றி செஃபியஸ் தந்த செய்திகள் ஆட்டக்காரர்களை வியக்கவைத்தன. சீட்டுப் போடுபவரின் இடத்திலிருந்து முதலில் ஆடும்போது, உயர்த்தாமல் வெறுமனே ஈடுசெய்து நுழைவதை அது ஏறத்தாழ முற்றிலும் தவிர்த்தது. மாறாக, அதே இடத்தில் முதல் சுற்றின் கடைசி உயர்த்தலை எட்டும்போது, ஆக வலிமையான இரண்டு ஏஸ் சீட்டுகள் இருந்தாலும் அது பெரும்பாலும் உயர்த்தாமல் ஈடுசெய்தது. ஏஸ் இணை ஈடுசெய்யும் தொகுப்பில் மறைந்திருப்பதால், ஈடுசெய்பவரிடம் பெரிய சீட்டு இல்லை என எதிராளி முடிவுசெய்ய முடியாது. வலுவான சீட்டைக் கொண்டு மற்ற சீட்டுகளைக் காப்பது என்னும் இக்கருத்து, ராஜாவை வைத்துக்கொண்டு செக் சொல்லும் கூன் போக்கர் உத்தியின் பெரிய வடிவமே.

வரம்பில்லாப் பந்தயம் கொண்ட வகை இதைவிடச் சிக்கலானது. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரச் சூதாட்ட விடுதி ஒன்றில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டூமாஸ் சாண்டோம், நோவம் பிரவுன் ஆகியோர் உருவாக்கிய லிப்ரேட்டஸ் நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் 1,20,000 ஆட்டங்கள் ஆடி வென்றது. 2019-ல் அவர்களின் புளூரிபஸ் நிரல் ஆறு பேர் ஆடும் ஆட்டத்திலும் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. 2015 முதல் பயோசால்வர் போன்ற மென்பொருள்கள் விற்பனைக்கு வந்ததால், இத்தகைய கணக்கீடுகள் சாதாரண ஆட்டக்காரர்களின் கைக்கும் எட்டின.

வரம்புகளும் விமர்சனங்களும்

சமநிலை ஆட்டம் அதிகம் வெல்லும் வழி அல்ல. எதிராளியின் உத்தியால் சுரண்டப்படாமல் இருக்கும் வழி. ஒருபோதும் விலகாத எதிராளியிடம் பிளஃப் செய்வது வீண். எப்போதும் விலகுபவரிடம் பிளஃபைக் குறைப்பதும் வீண். இத்தகையோரிடம் சமநிலையை விட்டு விலகி ஆடுபவரே அதிகம் வெல்வார். ஆனால் அவ்வாறு விலகுபவரின் ஆட்டத்திலும் ஓட்டை உண்டாகும். மேலும், மினிமேக்ஸ் தேற்றத்தின் உறுதி இருவர் ஆட்டத்துக்கே உரியது. மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் ஆடும்போது, சமநிலை உத்தி இழப்பிலிருந்து காக்கும் எனக் கணிதம் உறுதி தருவதில்லை.

இருவரும் முழுச் சமநிலையில் மாறி மாறி இடம் மாற்றி ஆடினால், நீண்டகாலத்தில் இருவரின் நிகர வரவும் சுழியமாகும். ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் ஒவ்வொரு சுற்றிலும் கழிவுத்தொகை எடுப்பதால், அந்நிலையில் இருவருமே இழப்பர். தொழில்முறை ஆட்டக்காரரின் வருமானம் தம்மைவிடக் குறைவாகத் தெரிந்தவரிடமிருந்தே வர முடியும். மென்பொருள் உதவியுடன் இணையத்தில் ஏமாற்றி ஆடுவது இதனால் கடும் சிக்கலாகியுள்ளது.

போக்கர் திறன் சார்ந்ததா, அதிர்ஷ்டம் சார்ந்ததா என்ற கேள்வி நீதிமன்றங்களிலும் எழுந்தது. தமிழ்நாடு அரசின் 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் தொடர்பான வழக்கில், 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறன் விளையாட்டுகளாகக் கருதி, அவற்றுக்கான தடையை நீக்கியது. 2025-ல் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறன், அதிர்ஷ்டம் என்ற வேறுபாடு பாராமல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. ஓர் ஆட்டத்தில் திறன் உண்டு என்பதும், அதை ஆடும் பெரும்பாலோருக்கு அது பாதுகாப்பானது என்பதும் வெவ்வேறு கூற்றுகள் என்பதைப் போக்கரின் கணிதமே காட்டுகிறது.

பிற துறைகளில்

கணிக்க முடியாமல், ஆனால் கணக்கிட்ட விகிதத்தில் செயல்படுவது என்னும் கருத்து சீட்டாட்டத்துக்கு வெளியேயும் பயன்படுகிறது. 2007-ல் லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில், மிலிந்த் தாம்பேயின் தலைமையிலான தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகக் குழு உருவாக்கிய ஆர்மர் நிரல் நடைமுறைக்கு வந்தது. சோதனைச் சாவடிகளையும் மோப்ப நாய் ரோந்துகளையும் எங்கே, எப்போது அமைப்பது என்பதை அது ஆட்டக் கோட்பாட்டின்படி தற்செயலாக்கியது. எல்லா வாயில்களையும் எப்போதும் காக்க ஆள் இல்லாத நிலையில், எது காக்கப்படும் என்பதை எதிரி அறிய முடியாமல் செய்வதே காவலாகிறது. எல்லாப் பந்தயத்துக்கும் ஈடுசெய்ய முடியாத போக்கர் ஆட்டக்காரரின் நிலையும் இதுவே.